துணைப்பாடமாக வந்த நாவல் ஏன் இன்றும் கசக்கிறது?

6.10.2024, இரவு 9.10

பள்ளியில் துணைப்பாடமாக வைக்கப்பட்ட நாவலை விரும்பிப் படித்தவர் எவரேனும் உண்டா? எனக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. கோத்தகிரிப் பக்கத்தில் மேல்நிலை முதலாண்டு படித்தபோது, ஆங்கிலத் துணைப்பாடமாக எங்கள் தலையில் விழுந்தது, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து லண்டனிலும் பாரீஸிலும் நடக்கும் சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'இரு நகரங்களின் கதை'. முழு நூல் அல்ல. நூறு பக்கத்துக்குள் சுருக்கி, கடினச் சொற்களுக்குப் பொருள் கொடுத்து, ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் வினாக்கள் சேர்த்த பதிப்பு. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மலைக் கிராமத்துக் கிளை நூலகம் ஒன்றில் நூலகராக இருந்தேன். ஊராருக்கெல்லாம் நூல்களை எடுத்துக் கொடுத்த நான், அந்த நாவலின் முழுப் பதிப்பு என் அலமாரியிலேயே இருந்தும் ஒரு நாளும் அதைத் திறந்து பார்க்கவில்லை. தூசி தட்டியதோடு சரி.

இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். இங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம். வெளியே போக வழியில்லை. முழு நூலையும் படித்து, அன்று ஏற்பட்ட கசப்புக்கு யார் பொறுப்பு என்று முடிவு கட்டலாம் என்றிருக்கிறேன். நூலா, சுருக்கியவரா, தேர்வா, அல்லது எங்கள் பதினாறு வயதா? படிப்பதற்கு முன்பே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: சுருக்கியவர்தான் குற்றவாளி.

6.10.2024, இரவு 10.25

மேலே எழுதியதில் ஒன்றை மறைத்துவிட்டேன். எங்கள் வகுப்பில் அந்த நாவல் முதல் நாளே படுத்துவிட்டதற்குச் சுருக்கியவர் காரணமல்ல. அதில் வருகிற வங்கி ஊழியரின் பெயர் மிஸ்டர் லாரி. "லாரி குதிரை வண்டியில் ஏறிப் போனது" என்று ஆசிரியர் தமிழில் பொருள் சொன்ன அந்தக் கணத்தில் வகுப்பே குலுங்கிச் சிரித்தது. மேட்டுப்பாளையம் சாலையில் நாள்தோறும் தேயிலை மூட்டைகளோடு இறங்கும் லாரிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். லாரி அழுதது, லாரி டாக்டர் மேனட்டின் கையைப் பிடித்தது, லாரிக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று அந்த ஆண்டு முழுவதும் அதே சிரிப்புத்தான். பிரெஞ்சுப் புரட்சியால் எங்கள் சிரிப்பை அடக்க முடியவில்லை.

9.10.2024

"பிடிக்கவில்லை என்பது சோம்பலுக்கு இட்ட மறுபெயர்" என்று குன்னூர் நண்பர் ஒருவர் சொல்கிறார். நான் நூலகப் பக்கத்திலிருந்து ஒரு சான்று தருகிறேன்.

பாடத்திட்டத்தில் இருக்கிற நாவல் ஒன்று நூலகத்துக்குத் திரும்பி வரும்போது அதன் முதுகைப் பார்த்தாலே எதுவரை படிக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம். முதல் முப்பது, நாற்பது பக்கங்கள் கறுத்து, ஓரம் சுருண்டு, பென்சில் கோடுகளால் நிறைந்திருக்கும். நடுப்பகுதி அச்சகத்திலிருந்து நேற்று வந்ததுபோல் இருக்கும். கடைசி அத்தியாயத்தில் மட்டும் மறுபடியும் விரல் தடம் இருக்கும், ஏனென்றால் முடிவு தெரியாமல் கட்டுரை எழுத முடியாது. பாடத்தில் இல்லாத நாவலுக்கு அழுக்கு வேறு விதமாகப் படியும். அது முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக இருக்கும். இல்லாவிட்டால் பன்னிரண்டாம் பக்கத்தோடு நின்றிருக்கும், படித்தவர் கூச்சமில்லாமல் மறுநாளே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருப்பார். நடுவில் வெளுத்தும் இரு முனையில் கறுத்தும் இருக்கிற புத்தகத்தை நான் துணைப்பாட நாவல்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

நூலகர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது நூலகவியல் அறிஞர் சீர்காழி இரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளை. இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. ஒரே நூலை ஒரு மாநிலத்தின் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே ஆண்டில் கொடுத்தால் அங்கே இந்த இரண்டு விதிக்கும் வேலையே இல்லாமல் போகிறது. அந்த நூலுக்குரிய வாசகர் நிச்சயம் அந்தக் கூட்டத்துக்குள் எங்கோ உட்கார்ந்திருப்பார். ஆனால் அவரும் மற்றவர்களோடு சேர்ந்து வினா விடையைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்.

13.10.2024, அதிகாலை

முழுப் பதிப்பைத் தொடங்கினேன். இரண்டாம் அத்தியாயத்திலேயே நிற்கிறேன், மேலே போக மனம் வரவில்லை, அதனால் எழுந்து இதை எழுதுகிறேன்.

நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை இரவு. டோவர் செல்லும் அஞ்சல் வண்டி லண்டனுக்கு வெளியே ஷூட்டர்ஸ் ஹில் என்ற ஏற்றத்தில் ஏற மாட்டாமல் திணறுகிறது. குதிரைகள் மூன்று முறை நின்றுவிட்டன. பயணிகள் இறங்கி, சேற்றில் வண்டியோடு நடக்கிறார்கள். பள்ளங்களிலிருந்து மூடுபனி எழுந்து மேலே வருகிறது. வண்டி விளக்கின் வெளிச்சம் சில கஜம் சாலைக்கு மேல் எட்டவில்லை. குதிரைகளின் உடம்பிலிருந்து எழுகிற ஆவியும் பனியோடு கலக்கிறது. மூன்று பயணிகளும் காதுவரை போர்த்திக்கொண்டிருப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தில் இருப்பவன் திருடனாக இருக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் ஐயம். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குதிரையின் குளம்பொலி கேட்கிறது.

ஐயா, இது எங்கள் சாலை அல்லவா? எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பாவோடு மேட்டுப்பாளையத்திலிருந்து கடைசிப் பேருந்தில் வந்தேன். குஞ்சப்பனைக்கு மேலே மேகம் இறங்கிவிட்டது. ஓட்டுநருக்கு முன்சக்கரமே தெரியவில்லை. நடத்துநர் இறங்கி, டார்ச் விளக்கைத் தரையை நோக்கிப் பிடித்துக்கொண்டு, வளைவு வளைவாக வண்டிக்கு முன்னே நடந்தார். உள்ளே எவரும் பேசவில்லை. கம்பளிக் குல்லாய் அணிந்த முகங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அரவேணு வந்து ஒரு தேநீர்க் கடையின் விளக்கைப் பார்த்த பிறகுதான் ஒரு கிழவர் இருமினார், அதோடு எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899இல்; அதற்கு முன் இந்த மலையில் ஏறியவர்களுக்கெல்லாம் குதிரை வண்டியும் மாட்டு வண்டியும்தான். அவர்களுக்கு இந்த அத்தியாயத்துக்குச் சொற்பொருள் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

சமவெளியிலுள்ள பள்ளிப் பிள்ளைக்கு இந்தப் பக்கத்தை விளக்குவது கடினம். எங்களுக்கு எளிது. எங்கள் வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே அதே பனி நின்றுகொண்டிருந்தது. ஆனால் இந்தக் காட்சி எங்கள் சுருக்கப் பதிப்பில் இல்லவே இல்லை. வெட்டிவிட்டார்கள். மலைப்பிள்ளைகள் பிற எவரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கக்கூடிய ஒரே அத்தியாயத்தை நீக்கிவிட்டு, நீதிமன்றத்தையும் கில்லட்டினையும் மட்டும் கொடுத்தார்கள். நான் சொன்ன கட்சி உறுதியாகிவிட்டது.

13.10.2024, மாலை

"அது இல்லவே இல்லை என்று நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?" என்று மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்வி. அந்தப் பழைய பிரதி எனக்குப் பிறகு என் தங்கைக்குப் போனது. அவள் எதையும் தூக்கிப் போடமாட்டாள். காரமடையில் இருக்கிறாள். டிரங்குப் பெட்டியில் தேடச் சொல்லியிருக்கிறேன்.

20.10.2024

கொடைக்கானல் நண்பர் ஒருவர், செவ்வியல் நாவலைச் சுவைக்க வயது முதிர வேண்டும் என்றும், பதினாறு வயதில் கொடுப்பதே தவறு என்றும் எழுதுகிறார். நான் உடன்படவில்லை.

எங்கள் அத்தை வீட்டில் 'பொன்னியின் செல்வன்' இருந்தது. கடையில் வாங்கிய ஐந்து பாகம் அல்ல. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்ததை மாமா வெட்டி எடுத்துத் தைத்துப் பைண்டு செய்து வைத்திருந்த தொகுதிகள். பக்கங்களுக்கு நடுவே தலைவலித் தைல விளம்பரமும் இருக்கும். சில வாரங்கள் மலைச்சாலையில் மண் சரிந்து இதழ் வந்து சேராமல் விட்டுப்போயிருந்தன. அந்த இடங்களில் அத்தை வாயால் கதை சொல்லி இட்டு நிரப்புவார். இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் நீளும் அந்தக் கதையைப் பதின்மூன்று வயதில், விடுமுறையில், அடுப்படியில் உட்கார்ந்து முடித்தேன். நீளமும் பழைய நடையும் என்னை விரட்டவில்லை. ஆகவே வயதைக் குறை சொல்வதற்கில்லை.

இதில் எனக்கு இப்போதுதான் தெரிந்த செய்தி ஒன்று உண்டு. டிக்கன்ஸின் அந்த நாவலும் வாரத் தொடர்தான். அவரே நடத்திய இதழில் 1859 ஏப்ரல் 30 தொடங்கி நவம்பர் 26 வரை 31 வாரம் வெளிவந்திருக்கிறது. குதிரையில் வந்தவன் யார் என்று தெரிவதற்கு லண்டன்காரர்கள் அடுத்த சனிக்கிழமைவரை காத்திருந்தார்கள், மாமா தபால்காரருக்குக் காத்திருந்ததுபோல. காத்திருக்க வைப்பதற்கென்றே எழுதப்பட்ட கதையைக் காலாண்டுத் தேர்வுக்கு ஏழு அத்தியாயம், அரையாண்டுக்குப் பதினான்கு என்று எங்களுக்கு அளந்து ஊற்றினார்கள். அதிலும் முதல் வாரமே கைடு வந்துவிட்டது. அதன் முதல் பக்கத்திலேயே கதாநாயகன் சிட்னி கார்ட்டன் செத்துப்போனான். இதைச் சொல்லும்போது என் கட்சி சுருக்கியவரிடமிருந்து கைடு போட்டவரிடம் நகர்வதை உணர்கிறேன்.

27.10.2024

மனைவி சொன்னதை அவள் அனுமதியோடு எழுதுகிறேன், ஏனென்றால் இது என் வாதத்தின் காலை வாருகிறது.

அவள் வளர்ந்த வீட்டில் பெண்பிள்ளைகள் கதைப்புத்தகம் படிப்பது குற்றம். வார இதழ் கையில் இருந்தால் தாத்தா பிடுங்கி அடுப்பில் வைப்பார். கல்லூரி முதலாண்டில் தமிழுக்கு மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' பாடமாக வந்தது. 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். அவள் கூடத்தின் நடுவில், தாத்தாவின் கண்முன், காலை நீட்டி உட்கார்ந்து அதைப் படித்தாள். "என்ன புத்தகம்?" என்றாராம். "பாடப்புத்தகம்" என்றாளாம். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ஆண்டு அதை நான்கு முறை படித்திருக்கிறாள். தேர்வுக்காக ஒரு முறை, மற்ற மூன்று முறையும் வேறு நாவல் கிடைக்காததற்காக. பிறகு பாடத்தில் இல்லாத நாவல்களுக்கும் பழுப்புத்தாள் அட்டை போட்டு, மேலே தன் பெயரும் பிரிவும் எழுதி, "பாடப்புத்தகம்" என்ற அதே பதிலைச் சொல்லியே படித்தாளாம்.

"உங்களுக்கு அத்தை வீடு இருந்தது. உங்களுக்குக் கட்டாயம் என்பது விலங்கு. எனக்கு அது அனுமதிச் சீட்டு" என்கிறாள். அந்த நாவல் உனக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டேன். சந்திரனைப் பிடித்ததாம், வேலய்யன் அறிவுரை சொல்லும் இடங்களில் பக்கத்தைத் தள்ளிவிடுவாளாம். தேர்வில் வேலய்யனைப் புகழ்ந்துதான் எழுதினாளாம். ஆக, பிடித்துப் படித்தவரும் உண்மையை விடைத்தாளில் எழுதவில்லை.

துணைப்பாட நாவலை ஒழித்துவிட வேண்டும் என்று முன்பெல்லாம் பேசியிருக்கிறேன். இனிமேல் பேசமாட்டேன். வீட்டில் ஒரே ஒரு நாவல் நுழைவதற்கு அது ஒன்றே வாசலாக இருந்த வீடுகள் இந்த மலையிலும் பல இருந்தன. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அந்த வாசலும் சிறியது.

3.11.2024

கூடலூரில் ஆசிரியராக இருக்கும் அம்மையார் வேறு வழி காட்டுகிறார்: பிள்ளைகளுக்கு அவர்கள் ஊரைப் பற்றிய நாவலைப் பாடமாக வையுங்கள், தானாக விரும்புவார்கள் என்கிறார். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. நானும் அப்படி நம்பியவன்தான். நூலகத்துக்கு வருகிற பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' நாவலை வற்புறுத்திக் கொடுத்தேன். நீலகிரியில் வாழ்ந்து, படகர் ஊர்களோடு பழகி, 1963இல் அவர் வெளியிட்ட நாவல் அது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குறிஞ்சி பூப்பதை வைத்துக் காலத்தை அளந்து, தேயிலையும் பணமும் மின் திட்டமும் வந்து மலை வாழ்க்கை மாறுவதைச் சொல்வது. இதைவிடப் பொருத்தமான நூல் எங்கள் பிள்ளைகளுக்கு வேறு இல்லை என்று எண்ணினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு படகர் வீட்டுப் பெண் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, "சார், எங்கள் வீட்டில் மாடு கறப்பதை நான் தினமும் பார்க்கிறேன். அதையே இதிலும் படிக்க வேண்டுமா? பாரீஸ் கதை ஏதாவது இருக்கிறதா?" என்றாள். நான் பாரீஸ் கதையை வெறுத்த அதே அலமாரிக்கு எதிரில் நின்றுதான் கேட்டாள். அன்று அவளுக்குத் தர வேண்டியதைத் தராமல், வேறு ஏதோ ஒரு துப்பறியும் நாவலைக் கொடுத்து அனுப்பினேன். என் வெறுப்புக்காக ஒரு நூலை அதன் வாசகரிடமிருந்து மறைத்திருக்கிறேன் என்பது இப்போது உறைக்கிறது. மூன்றாவது விதி.

பின்னாளில், 2018இல் குறிஞ்சி பூத்த ஆண்டு, அந்தப் பெண் கணவரோடு வந்து 'குறிஞ்சித் தேன்' கேட்டு எடுத்துச் சென்றாள் என்பதையும் சொல்ல வேண்டும். எவரும் அப்போது வற்புறுத்தவில்லை. ஆனால் அதற்குள் அவள் மாடு கறப்பதைத் தினமும் பார்க்கிற இடத்தில் வாழவில்லை, திருப்பூரில் இருந்தாள். கொடைக்கானல் நண்பர் இதை வயதின் வெற்றி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. நான் தூரத்தைச் சொல்கிறேன்.

4.11.2024

ஒரு சிறு கிளைக்கதை. தமிழின் முதல் நாவல் எது என்று கேட்டால் நம் பிள்ளைகள் தூக்கத்திலும் 'பிரதாப முதலியார் சரித்திரம்', வேதநாயகம் பிள்ளை, 1879 என்பார்கள். என் நூலகத்தில் அதைக் கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். அட்டையைப் பார்த்து ஆண்டைக் குறித்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுவார்கள். அது உண்மையில் கேலியும் கிளைக்கதையும் நிறைந்த நூல், முன்சீப் என்ற கீழ்நிலை நீதிபதியாக இருந்தவர் வழக்காடுபவர்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்துவைத்த குறும்பு அதில் உண்டு. 'முதல்' என்ற பட்டம் அதன் கழுத்தில் மாட்டிய பலகையாகிவிட்டது. பலகையைப் படித்துவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள்.

17.11.2024

எங்கள் ஆங்கில ஆசிரியரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று குன்னூர் நண்பர் கேட்கிறார். வேண்டுமென்றேதான் தள்ளிவைத்தேன்.

அவர் அந்த நாவலை வகுப்பில் ஒரு பக்கம்கூட வாய்விட்டுப் படித்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த நோட்டைப் பார்த்து, சிட்னி கார்ட்டனின் குணநலன் என்று தலைப்புச் சொல்வார், நாங்கள் எழுதுவோம். எது தேர்வில் வரும், எது வராது என்று பென்சிலால் குறிக்கச் சொல்வார். பல ஆண்டுகள் அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. பிறகு நான் நூலகரானபோது அவர் என் உறுப்பினராக வந்தார். மாதத்துக்கு ஆறேழு நூல் எடுப்பார். எல்லாம் துப்பறியும் நாவல். இல்லாவிட்டால் வேட்டைக் கதை. ஒரு நாள் துணிந்து, டிக்கன்ஸ் வேண்டுமா சார் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நாங்கள் பின் வரிசையில் உட்கார்ந்து அவரைப் பார்த்த பார்வை இருந்தது.

அந்த மனிதருக்கும் அந்த நாவல் பிடிக்கவில்லை. அவர் கல்லூரியில் படித்தபோது அவர் தலையிலும் யாரோ அதைக் கட்டியிருக்கிறார்கள். ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள், பாதிப் பேருக்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அமைக்கத் தெரியாது, தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த நிலையில் தனக்கே பிடிக்காத நூலை இவர் எப்படிச் சுவைபடச் சொல்லியிருக்க முடியும்? வேட்டைக் கதையைப் பாடமாக வைத்திருந்தால் ஒருவேளை நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.

இதை எழுதியபின் யோசித்தால், அவர் மீதிருந்த கோபத்தைத்தான் சுருக்கியவர் தலையில் ஏற்றினேனோ என்று தோன்றுகிறது. சுருக்கியவர் யாரென்றே தெரியாது. தெரியாதவரைத் திட்டுவது எளிது.

30.11.2024

நாவலை முடித்துவிட்டேன். ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆயிற்று. நடுவில் பத்து நாள் எடுக்கவே இல்லை.

தீர்ப்பு: முழுதாகப் படித்தும் முழுதாகப் பிடிக்கவில்லை. லூசி என்ற அந்தப் பெண்ணுக்கு மயங்கி விழுவதையும் பிறருக்காக இரங்குவதையும் தவிர வேறு வேலை கிடையாது. தந்தை உயிரோடு இருக்கிறார் என்று கேட்டதும் மயக்கம். வழக்கில் சாட்சி சொல்லும்போது நடுக்கம். பதினாறு வயதில் அவளை எங்களுக்குப் பிடிக்காததில் எந்தத் தவறும் இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அன்று எழுதிய விடையில் அவளைப் பொன் இழை என்று புகழ்ந்தது பொய். அவளை மணக்கிற டார்னேயும் அப்படித்தான், நல்லவன் என்பதற்கு மேல் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. இவனும் கார்ட்டனும் ஒரே முகச் சாயல் கொண்டிருப்பதை வைத்துக் கதையை முடிப்பது, நம் பழைய திரைப்படங்களில் இரட்டை வேடம் கண்ட எவருக்கும் வியப்பளிக்காது.

ஆனால் மது பீப்பாய் உடைகிற அந்த அத்தியாயம்! பாரீஸின் ஏழைகள் தெருக் கல்லிடுக்கில் ஓடும் மதுவைக் கையால் அள்ளுகிறார்கள், கைக்குட்டையை நனைத்துக் குழந்தை வாயில் பிழிகிறார்கள். ஒருவன் மதுக்கறை படிந்த விரலால் சுவரில் 'ரத்தம்' என்று எழுதுகிறான். அதையும், வாய் திறக்காமல் பின்னிக்கொண்டே பழிவாங்க வேண்டியவர்களின் பெயர்களைப் பின்னல் முடிச்சுகளில் பதிக்கிற மேடம் டிஃபார்ஜையும் வெறுக்க என்னால் முடியவில்லை. எங்கள் ஊரில் ஸ்வெட்டர் பின்னாத பெண்ணே கிடையாது. பேருந்து நிறுத்தத்திலும் பின்னுவார்கள். அவர்கள் எதைக் கணக்கு வைக்கிறார்களோ என்று இரண்டு நாளாக நிமிர்ந்து பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

இன்னொன்றும் கண்டேன், இதை எந்தக் கைடும் சொல்லவில்லை. சிட்னி கார்ட்டன் செய்யும் தொழில் என்ன? இரவெல்லாம் தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு வழக்குக் கட்டுகளைப் படித்து, சாரத்தைப் பிழிந்து, இன்னொரு வழக்கறிஞருக்குக் கொடுப்பது. அந்த மனிதர் மறுநாள் நீதிமன்றத்தில் அதைச் சொல்லிப் பெயர் வாங்குவார். அதாவது, நோட்ஸ் எழுதித் தருகிற ஆள். எங்கள் கதாநாயகன் ஒரு கைடு ஆசிரியர்! அவனைப் பற்றிய நோட்ஸை நாங்கள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். அவன் குடித்ததில் வியப்பில்லை.

8.12.2024

தங்கை நேற்று வந்தாள். பழைய பிரதியும் வந்தது. 13.10 அன்று நான் எழுதியதைத் திருத்த வேண்டும்.

அட்டை போயிருக்கிறது. முதல் பக்கத்தில் என் பெயர், வகுப்பு, பிரிவு. அதன் கீழே இரண்டு ஆண்டு கழித்து அவள் பெயர். புரட்டினேன். மலையேற்றக் காட்சி வெட்டப்படவில்லை. முதல் அத்தியாயத்திலேயே, ஒன்றேகால் பக்கத்துக்கு, பனியும் சேறும் குதிரையும் போர்த்திய முகங்களுமாக அப்படியே இருக்கிறது. குளம்பொலியும் இருக்கிறது. சுருக்கியவர், யாராக இருந்தாலும், அந்தக் காட்சியின் அருமை தெரிந்தவர். வேறு எதையெல்லாமோ குறைத்தவர் இதில் கைவைக்கத் தயங்கியிருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஒன்றேகால் பக்கத்தையும் மேலிருந்து கீழ்வரை ஒரு பென்சில் கோடு குறுக்காகக் கடந்து செல்கிறது. ஓரத்தில் என் கையெழுத்தில், ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய அழகான எழுத்தில், "கேட்கமாட்டார்கள்" என்று இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை. படிக்காததால் இல்லை என்று நினைத்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே பனி நின்றதும், உள்ளே நான் கோடு போட்டதும் ஒரே பிற்பகலாகக்கூட இருந்திருக்கலாம்.

தங்கை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அதற்குக் கீழே பார், அண்ணா" என்றாள். மங்கலான நீல மையில், அவளுடைய சாய்ந்த எழுத்தில், ஒரே சொல் இருந்தது: "கேட்டார்கள்."

அரையாண்டுத் தேர்வில், அஞ்சல் வண்டி மலையேறியதை வருணிக்கச் சொல்லி ஐந்து மதிப்பெண் வினாவாம். என் குறிப்பை நம்பி அவளும் படிக்கவில்லையாம். பிறகு என்ன எழுதினாய் என்றேன். மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்து ஏறி வருவதை எழுதி, பேருந்து என்ற இடத்திலெல்லாம் குதிரை வண்டி என்று போட்டாளாம். ஐந்துக்கு நான்கு கிடைத்ததாம்.